இருபத்தோரு நாளுக்கு முந்தைய மூன்று மாதம்: உணவூட்டல் பயிற்சிக்குப் போன ஒரு குழந்தை பற்றிய நிகழ்வு ஆய்வு

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எங்கள் குழந்தை வளர்ச்சிப் பயிற்சி மையத்துக்கு வந்த குடும்பம் இது. நான் அங்கே பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர். குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இப்படிப்பட்ட ஆய்வுகளில், குழாயில் பால் குடிக்கும் குழந்தையை வாயால் சாப்பிடப் பழக்க மருத்துவமனையில் நடந்த பயிற்சியை விரிவாக எழுதிவிட்டு, அதற்கு முந்தைய மாதங்களை "குடும்பத்தினர் தயார்ப்படுத்தப்பட்டனர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். இந்தக் குழந்தையின் விஷயத்தில் கதையே அந்த ஒரு வரிக்குள்தான் இருந்தது. எங்கள் தவறும் அதற்குள்தான் இருந்தது.

பின்னணி

பெண் குழந்தை. 30-ஆவது வாரத்தில் 1.2 கிலோ எடையோடு பிறந்தவள். உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் நடக்க ஏறக்குறைய 34 வாரம் ஆக வேண்டும். அதற்கு முன்பே பிறந்ததால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் கொடுத்தார்கள். 52 நாள் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருந்தாள். சளி உறிஞ்சும் குழாய், கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்டர், மூச்சுக் குழாய் என்று அவள் வாய் முதன்முதலில் அறிந்துகொண்டது இவற்றைத்தான்.

வீட்டுக்கு வந்தபின் குழாயை எடுத்துவிட்டு, பாலாடை எனும் மூக்குள்ள சிறு கிண்ணத்தில் கொடுத்தார்கள். 30 மில்லி இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. எதுக்களிப்பு அதிகம். ஐந்தாம் மாதம் புரையேறி நுரையீரலில் தொற்று வந்து மறுபடி மருத்துவமனை, மறுபடி மூக்குக் குழாய். பிடுங்கிப் போடுவாள், மூன்று பேர் பிடித்துக்கொள்ள நர்ஸ் திரும்பப் போடுவார். 14-ஆம் மாதத்தில் வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். அதற்குப் பிறகு எடை ஏறியது, வாந்தி குறைந்தது, வீட்டில் எல்லாருக்கும் தூக்கம் வந்தது.

வாய் மட்டும் மூடியே இருந்தது. பிறந்த குழந்தை பால் குடிப்பது அனிச்சைச் செயல். நாலு முதல் ஆறு மாதத்துக்குள் அந்த அனிச்சை மங்கிவிடும். அதற்குப் பிறகு சாப்பிடுவது என்பது பார்த்தும் தொட்டும் தடுமாறியும் கற்றுக்கொள்கிற வேலை. கற்றுக்கொள்ள வேண்டிய அந்த மாதங்களில் இவளுக்கு வாய் வழியாக வந்ததெல்லாம் குமட்டலும் வலியும்தான்.

வீட்டில் அம்மா, அப்பா, அப்பாவைப் பெற்ற ஆயா, ஒன்பது வயது அண்ணன். அப்பா தக்காளி லோடு வண்டி ஓட்டுகிறார். பாதி இரவுகள் பெங்களூர் சாலையில்தான். அரை ஏக்கர் ராகி, இரண்டு கறவை மாடு. எங்களிடம் வந்தபோது குழந்தைக்கு 2 வயது 10 மாதம். வந்த காரணம் சாப்பாடு இல்லை. "இன்னும் பேச்சு வரல மேடம்" என்றுதான் வந்தார்கள். சாப்பாட்டைப் பற்றி நான் கேட்டதும் அம்மா, "அது டியூப்ல போயிடுது. அதனால அதப் பத்தி இப்ப யாரும் கேக்கறதில்ல" என்றார்.

முதலில் கவனித்தவை

என் கையில் நாக்கை அழுத்திப் பார்க்கும் கட்டையைக் கண்டதுமே குழந்தை உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். ஸ்பூன், பல் துலக்கும் பிரஷ், மூக்கைத் துடைக்க வரும் துணி, எது வந்தாலும் அதே கதைதான். பக்கத்து வீட்டில் குழம்பு தாளித்தால் இங்கே ஓங்கரிப்பாள் என்று அம்மா சொன்னார்.

ஆனால் அவள் கையில் பேருந்து நிலையத்தில் வாங்கிய முறுக்கு ஒன்று இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த உப்பை நக்கிக்கொண்டிருந்தாள். எச்சில் பட்டு முறுக்கு நமுத்ததும் தூர எறிந்தாள். அண்ணன் இன்னொன்று கொடுத்தான். நாக்கு வெளியே நன்றாக நீள்கிறது, உப்புப் பிடிக்கிறது, கரகரப்பு ஒத்துக்கொள்கிறது, குழைந்து ஈரமானது மட்டும்தான் ஆகவில்லை. எங்கள் மதிப்பீட்டுப் படிவத்தின் நாலு பக்கத்தைவிட அந்த முறுக்கு எனக்கு அதிகம் சொன்னது.

அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து வீட்டுக்குப் போனேன். ஒரு மணிக்கு அம்மா குழந்தையை உள் அறைக் கட்டிலில் படுக்கவைத்து, கையில் போனைக் கொடுத்து, சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துப் பாலை இறக்கினார். அதே நேரத்தில் தாத்தா முறை உறவினர் ஒருவரும் ஆயாவும் வெளிவாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எல்லாரும் எழுந்தபின் அம்மா அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டார். மூன்று வயதை நெருங்கும் ஒரு குழந்தை, ஒரு மனிதர் தட்டுமுன் உட்கார்ந்து எழும்வரை சாப்பிடுவதை ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் அங்கேதான் உறைத்தது. இந்தப் பக்கத்து வீடுகளில் மதியம் பெரும்பாலும் களி. களியை மெல்ல மாட்டோம். உருட்டி, குழி பண்ணி, கீரைக் கடைசலில் தோய்த்து, அப்படியே விழுங்குவோம். மென்றால் பல்லில் ஒட்டும், பெரியவர்கள் திட்டுவார்கள். அப்படியென்றால் இந்தக் குழந்தையைச் சாப்பாட்டில் உட்காரவைத்தாலும் தாடை அசைவதை அவள் பார்க்கப் போவதில்லை. மெல்லக் கற்காத குழந்தைக்குத் தொண்டையில் ஒட்டும் களி உருண்டை ஆபத்தும்கூட. களி நல்ல சாப்பாடு. நானும் அதைத் தின்று வளர்ந்தவள்தான். ஆனாலும் சாப்பிடக் கற்பதற்கான முதல் பாடமாக அதை வைக்க முடியாது.

மருத்துவப் பக்கம்: எடை 10.2 கிலோ, வளர்ச்சி அட்டையின் கீழ்க்கோட்டுக்குச் சற்றுக் கீழே. ஹீமோகுளோபின் 9.1, இந்த வயதுக்கு 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. நாலு நாளுக்கு ஒருமுறைதான் வயிறு போனது. நாலு மணிக்கொருமுறை 150 மில்லி வீதம், இரவையும் சேர்த்து ஆறு வேளை, மொத்தம் 900 மில்லி குழாயில் போனது. பசி என்ற ஒன்று வந்துபோக இடமே இல்லாத அட்டவணை.

தேதி கிடைத்த பிறகு

பெங்களூரில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினோம். பேரியம் கலந்த உணவைக் கொடுத்து விழுங்குவதை எக்ஸ்ரே வழியாகப் படம் எடுத்தார்கள். கெட்டியான மசியல் பத்திரமாக இறங்கியது. தண்ணீர் போன்றது வேகமாகப் போனால் மட்டும் மூச்சுக்குழாய் வாசல் வரை வந்தது. அப்படியானால் விழுங்க முடியும், விழுங்கத்தான் வரவில்லை. உள்நோயாளியாக 21 நாள் தீவிர உணவூட்டல் பயிற்சிக்கு ஜூன் கடைசி வாரத்தில் இடம் தந்தார்கள். அப்போது மார்ச் முடிகிற நேரம்.

கடிதத்தோடு இரண்டு பக்கப் பட்டியல் வந்தது. ஏழு நாள் உணவுக் குறிப்பு, சாப்பாட்டு நேர வீடியோ மூன்று, பழைய டிஸ்சார்ஜ் சீட்டுகள், உபரிக் குழாய் ஒன்று, 21 நாளும் மாறாமல் கூட இருக்கும் ஒரே ஆள், சேரும் அன்று சளி காய்ச்சல் இருக்கக் கூடாது. அம்மா பட்டியலை இரண்டு முறை படித்தார். "இவ்ளோதானா? நான் என்னமோன்னு பயந்துட்டேன்" என்றார்.

அன்று அவர்களை அனுப்பும்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன்: "அதுவரைக்கும் வாய்க்குக் கொஞ்சம் பழக்கம் குடுத்துக்கிட்டே இருங்க." சாப்பாட்டைத் தொட, முகர, கையில் பிசைய விடுங்கள் என்ற அர்த்தத்தில் சொன்னேன். அதை விளக்கவில்லை. வரிசையில் இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள்.

வீட்டில் அந்த வார்த்தை வேறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது புள்ள கொஞ்சமாவது சாப்பிட வேண்டாமா, டாக்டர் நம்மைத் திட்ட மாட்டாரா என்பது வீட்டின் கவலை. ஆயா, தன் மூன்று பிள்ளைகளையும் அப்பாவின் தங்கை பிள்ளைகளையும் வளர்த்த கைப்பழக்கத்தில், குழந்தையைக் கால்மேல் கிடத்தி, கன்னத்தை இரண்டு விரலால் அழுத்தி, பாலாடையில் ராகிக் கூழ் ஊற்ற ஆரம்பித்தார். நாளைக்கு இரண்டு முறை.

மூன்று வாரம் எனக்கு இது தெரியாது. அம்மா கொண்டுவந்த நோட்டில் "காலை: ராகி 3 ஸ்பூன் சாப்பிட்டாள்", "மாலை: 2 ஸ்பூன் சாப்பிட்டாள்" என்று நேர்த்தியாக எழுதியிருந்தது. நான் மகிழ்ந்துபோய் நோட்டின் ஓரத்தில் நட்சத்திரம் வரைந்தேன். அந்த நோட்டை இப்போதும் வைத்திருக்கிறேன்.

எடை மட்டும் ஒத்துப்போகவில்லை. ஏறவேண்டியது 200 கிராம் இறங்கியிருந்தது. முறுக்கைக் கூட வாங்க மறுத்தாள். ஆள் கையை நீட்டினாலே முகத்தைத் திருப்பினாள். அம்மாவிடம் கேட்டேன், ஒன்றும் சொல்லவில்லை. பள்ளி விடுமுறையாதலால் கூட வந்திருந்த அண்ணன்தான் சொன்னான்: "ஆயா வாயில ஊத்துச்சு. பாப்பா எல்லாத்தயும் வாந்தி எடுத்துச்சு. அம்மா அழுதுச்சு."

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, வாய் வழியாக எதையும் கொடுப்பதை அன்றே நிறுத்துவது. வாயில் விழுந்த இரண்டு ஸ்பூனுக்குப் பதிலாக, குழாயில் போன 100 மில்லியும் வாந்தியில் வெளியே வந்துகொண்டிருந்தது. அதைவிட, புரையேறும் ஆபத்து இருந்தது. படுத்த நிலையில், அழும் குழந்தையின் வாயில், தண்ணீராக ஊற்றுவது என்பது எக்ஸ்ரே படத்தில் ஆபத்து என்று தெரிந்த அதே வேலை.

இதை ஆயாவிடம் யார் சொல்வது? மருமகள் சொல்ல முடியாது. மகனும் சொல்ல மாட்டார். நான் வீட்டுக்குப் போனேன். தப்பு உங்களுடையது என்று சொல்லவில்லை. என் வாக்கியம்தான் தப்பு என்றேன், அது உண்மையும்கூட. ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏன் மேடம், வாயில ருசியே படாம வளர்ற புள்ளயப் பாத்துக்கிட்டு நான் எப்படி களி திங்கறது?" என்றார். மூன்று வருடமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது அது. ஆயா செய்ததில் முரட்டுத்தனம் இருந்தது. ஆனால் குழந்தை வாயால் சாப்பிட வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்காமல் இருந்ததும் அவர் ஒருவர்தான்.

அதனால் அவருக்கு வேறு வேலை கொடுத்தோம். ராகியை ஊறவைத்து, துணியில் முளைகட்டி, நிழலில் காயவைத்து, வறுத்து அரைக்கும் வேலை. அவருக்கு அது தெரியும். மாவுக்கடையில் ரெடிமேட் வாங்க ஆரம்பித்தபின் விட்டுவிட்டிருந்தார். முளைகட்டும்போது மாவுச்சத்து உடைவதால் கஞ்சி இளகும். அதனால் அதே அளவு கஞ்சிக்குள் கூடுதல் மாவு போட முடியும், அதே வயிற்றுக்குள் கூடுதல் சத்து போகும். 100 கிராம் ராகியில் கிட்டத்தட்ட 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருப்பதும் சேர்ந்துகொண்டது. ஊட்டச்சத்து ஆலோசகர் சொன்ன அளவில், நன்றாக வடிகட்டி, ஒரு வேளைப் பாலோடு கலந்து குழாயில் கொடுத்தோம். பேத்தியின் வயிற்றுக்குள் தன் கை மாவு போகிறது என்ற நிறைவில், பாலாடை அலமாரிக்குப் போனது.

இரண்டாவது, உட்காரும் இடம். உள் அறைக் கட்டிலை விட்டுவிட்டு, எல்லாரும் சாப்பிடும்போது கூடவே, சுவரில் சாய்த்துத் தலையணை வைத்து உட்காரவைத்துக் குழாயில் பால். அம்மாவும் அதே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. குழந்தைக்கும் காலித் தட்டு ஒன்று. யாரும் ஊட்டக் கூடாது, "சாப்பிடு" என்று சொல்லக் கூடாது. களி நாளிலும் பக்கத்தில் பொரியோ அப்பளமோ வெள்ளரிக்காயோ வைத்து, அண்ணன் வாயைத் திறந்து மென்று காட்டுவான். அவனுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. நிலக்கடலை மட்டும் தட்டுப் பக்கமே வரக் கூடாது என்று சொல்லியிருந்தோம், தொண்டையில் சிக்கும்.

மூன்றாவது, வேளைகள். ஆறு வேளை 150-ஐ ஐந்து வேளை 180 ஆக்கினோம். மொத்த அளவு அதே 900. ஒரேயடியாக மாற்றாமல் மூன்று நாளுக்கு 10 மில்லி என்று ஏற்றியதில் வாந்தி வரவில்லை. நடுராத்திரி வேளை நின்றது, சாப்பாட்டு நேரமும் குழாய் நேரமும் ஒன்றானது.

அப்பா இன்னும் ஒரு படி மேலே போகச் சொன்னார்: "பாலக் கொறச்சுப் பட்டினி போட்டா தானா சாப்பிடுமே?" கேட்பதற்கு நியாயம்தான். மருத்துவமனையிலும் பாலைக் குறைக்கத்தான் போகிறார்கள். ஆனால் அங்கே தினமும் எடை, சிறுநீர்க் கணக்கு, தேவையானால் ரத்தச் சர்க்கரை பார்ப்பார்கள். எவ்வளவு இறங்கினால் நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். வயிற்றுப் பசியை வாயோடு இன்னும் சேர்த்துப் பார்க்கத் தெரியாத குழந்தை பசித்தால் அழும், சுருண்டு படுக்கும், ஆனால் ஸ்பூனைத் தேடாது. வீட்டில் ஒரு மில்லிகூடக் குறைக்கக் கூடாது என்று நோட்டின் அட்டையிலேயே எழுதினேன்.

நாலாவது, நோட்டு. "எவ்வளவு சாப்பிட்டாள்" என்ற பத்தியையே அடித்துவிட்டேன். அந்தக் கேள்வி இருக்கும்வரை அம்மா பொய் எழுதத்தான் வேண்டியிருக்கும். அதற்குப் பதில்: எத்தனை மணி, யார் பக்கத்தில், எதைத் தொட்டாள், எப்போது முகத்தைத் திருப்பினாள், வாந்தி உண்டா, வயிறு போனதா. புது நோட்டில் மே மாதப் பதிவு ஒன்று:

"பகல் 1.20. ஆயா, அண்ணன், நான். தயிரில் விரல் வைத்தாள். விரலை என் புடவையில் துடைத்தாள். மறுபடி வைத்தாள். ஓங்கரிக்கவில்லை. நான் முழுத் தட்டும் சாப்பிட்டேன்."

கடைசி வாக்கியம் நான் கேட்காதது. அவராக எழுதியது.

மருத்துவ வேலைகளும் கூடவே நடந்தன. மலச்சிக்கலுக்கு மருந்து தொடங்கி இரண்டு வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் வயிறு போனது. இரும்புச்சத்து மருந்து மலச்சிக்கலைக் கூட்டும் என்பதால் அதை அடுத்ததாகத்தான் ஆரம்பித்தோம். பல் மருத்துவர் பார்த்தார். வலிக்கும் பல்லோடு போனால் பயிற்சி நடக்காது. குழாயைச் சுற்றி வளர்ந்திருந்த சதைக்கும் மருந்து போட்டார்கள்.

பணத்துக்கு அப்பா வண்டி முதலாளியிடம் முன்பணம் கேட்டு வாங்கிவிட்டார். மாடுதான் பெரிய தடையாக இருந்தது. இரண்டில் ஒன்று அம்மா கைக்கு மட்டும்தான் கறக்கும். மற்றவர் போனால் உதைக்கும். ஒரு மாதம் முன்பிருந்தே அம்மாவின் பழைய புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆயா பக்கத்தில் நின்று பழக்கினார். பட்டியலில் இல்லாத இந்த ஏற்பாடு நடக்காமல் போயிருந்தால் பயணமே நடந்திருக்காது.

பையில் என்னென்ன என்று கேட்பவர்களுக்கு: குழந்தையின் சொந்தத் தட்டு, டம்ளர், அண்ணனின் பழைய சட்டை ஒன்று, முளைகட்டிய ராகி மாவு, சிரிஞ்ச் பத்து, உபரிக் குழாய். குழாய் கழன்று விழுந்தால் சில மணி நேரத்திலேயே துளை சுருங்கிவிடும். அதனால் அந்த உபரிக் குழாய் பையின் அடியில் போகாமல் அம்மாவின் தோள்பையிலேயே இருக்க வேண்டும் என்றோம்.

அங்கே 21 நாள்

அம்மா போனில் சொன்னதையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் வைத்து எழுதுகிறேன். சேரும்போது எடை 10.4. முதல் நாலு நாள் வெறும் கவனிப்பு. ஐந்தாம் நாள் குழாய்ப் பாலில் கால் பங்கு குறைத்தார்கள். தினமும் நாலு முறை, முறைக்கு 20 நிமிடம், அதே நாற்காலி, அதே ஸ்பூன். முதல் வாரம் பயிற்சியாளர் ஊட்ட, அம்மா கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தார். எட்டாம் நாள் எடை 9.9-க்கு வந்தது. 5 சதவீதத்துக்குமேல் இறங்கக் கூடாது என்பது அவர்கள் வைத்த வரம்பு. அதை ஒட்டிவிட்டதால் இரண்டு நாள் பாலைச் சற்று ஏற்றினார்கள். அன்றிரவு அம்மா என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கே வந்துடறேன் மேடம்" என்றார். எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் இப்படி ஆகலாம் என்பதை நாங்கள் முன்பே பேசியிருந்தோம். "நீங்க சொன்ன அந்த நாள் இதுதானா?" என்று அவரே கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

பதினோராம் நாள், மசித்த தயிர்சாதத்துக்குத் தானாக வாய் திறந்தாள். கடைசி ஐந்து நாள் அம்மாவே தனியாக ஊட்டினார். கிளம்பும்போது தேவையில் ஏறத்தாழ 40 சதவீதம் வாய் வழியாக. குழாய் மூன்று வேளையாகக் குறைந்தது. எடை 10.2.

திரும்பிய பிறகு

ஜூலை நடுவில் வந்தார்கள். ஆடி பிறந்த வாரம். ஊரில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது; வீடு நிறைய உறவினர். "பாப்பா சாப்பிடுதாமே!" என்று ஆளுக்கு ஒரு விரலில் பாயசமும் கூழும் எடுத்து வாயருகே கொண்டுபோனார்கள். அன்பு தவிர அதில் வேறில்லை. நாலாம் நாள் குழந்தை மறுபடி உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள்.

இரண்டாவது சிக்கல் எனக்குத் தோன்றவே இல்லாதது. வீட்டு உணவுகளின் பட்டியலை நான்தான் மருத்துவமனைக்கு எழுதி அனுப்பினேன். அதில் "ராகிக் கூழ்" என்று இருந்தது. அவர்களும் அக்கறையாக ராகியில் செய்துகொடுத்தார்கள்: பாலில் கரைத்துக் காய்ச்சிய, வழவழவென்ற, லேசான இனிப்புக் கஞ்சி. அதை விரும்பிச் சாப்பிட்டாள். வீட்டுக் கூழோ நொய் போட்டுக் காய்ச்சி, இரவெல்லாம் புளிக்கவைத்து, மோரும் உப்பும் சேர்த்தது. பெயர் ஒன்றுதான், வாய்க்கு அது வேறு பொருள். ஆயா ஊற்றியதும் அந்தப் புளித்த கூழைத்தான் என்பது அவள் நாக்குக்கு மறந்திருக்காது.

மூன்றாவதை நோட்டு காட்டியது. காலையும் மதியமும் ஓரளவு போயிற்று. மாலை வேளை மட்டும் தொடர்ந்து பூஜ்யம். ஏனென்று பார்த்தால், ஆறு மணி பால் கறக்கும் நேரம். அம்மா மாட்டுக் கொட்டகையில், ஊட்டியது ஆயா. மருத்துவமனையில் கூட ஒரே ஆளுக்குத்தான் அனுமதி என்பதால், காத்திருந்து ஊட்டும் அந்த முறையை ஆயா ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவர் முறை தப்பி ஊட்டவில்லை. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது தெரியாமல் ஊட்டினார்.

வீட்டுக்கு வந்த முதல் மூன்று வாரத்தில் வாய் வழி உணவு 40-லிருந்து பாதிக்கும் கீழே வந்தது. மருத்துவமனையோடு பேசிக் குழாயை நாலு வேளையாக ஏற்றினோம். மாலைச் சாப்பாட்டை ஏழேகாலுக்குத் தள்ளினோம். ஆயா பத்து நாள் மதிய வேளையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார், பிறகு ஊட்டினார். இனிப்புக் கஞ்சியில் வடிகட்டிய வீட்டுக் கூழை அரை ஸ்பூன் கலந்து, வாரத்துக்கு வாரம் கூட்டினோம். நொய்யைக் கடைசியில்தான் விட்டோம். அதற்கு ஐந்து வாரம் பிடித்தது. இடையில் ஒரு சளி வந்து எட்டு நாளைத் தின்றது.

மூன்றாம் மாதம் எடை 10.7. ஆறாம் மாதம் 11.4, தேவையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாய் வழியாக. இரவுப் பாலும் மருந்தும் தண்ணீரில் ஒரு பகுதியும் இன்னும் குழாயில்தான். களி இன்னும் தரவில்லை. இட்லியின் ஓரத்தை மெல்லுகிறாள். குழாயை எடுப்பது பற்றி மருத்துவர்கள் இப்போதைக்குப் பேசவில்லை. அதைத் தொடாமலே பல மாதம் எடை ஏறிக் காட்ட வேண்டும், நடுவில் ஒரு காய்ச்சலையும் தாண்டிக் காட்ட வேண்டும்.

அடுத்த குடும்பத்துக்கு மாற்றிச் செய்வது

"வாய்க்குப் பழக்கம் கொடுங்கள்" என்ற வாக்கியத்தை எங்கள் மையத்தில் இப்போது யாரும் சொல்வதில்லை. என்ன செய்யலாம், என்ன கூடாது என்பதை ஊட்டுகிற ஆளிடமே நேரில் செய்துகாட்டுகிறோம். ஊட்டுகிற ஆள் யார் என்பதையும் வேளை வாரியாகக் கேட்கிறோம். "அம்மாதான்" என்ற பதில் காலை வேளைக்கு உண்மையாக இருக்கலாம், மாலைக்கு இல்லாமல் போகலாம்.

உணவுப் பட்டியலில் பெயர் மட்டும் எழுதுவதில்லை. எப்படிச் செய்கிறார்கள், புளிப்பா இனிப்பா, ஸ்பூனைக் கவிழ்த்தால் வழிகிறதா நிற்கிறதா என்பதோடு, ஒரு கிண்ணத்தில் வைத்து வீடியோவும் எடுத்து அனுப்புகிறோம். முடிந்தால் வீட்டுக் கூழையே ஒரு பாத்திரத்தில் கொடுத்தனுப்ப வேண்டும். பெங்களூருக்கு வாரம் மூன்று முறை போகும் வண்டி அந்த வீட்டிலேயே நின்றது. அப்போது எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வரும் தேதியை ஊர்க் காலண்டரோடு வைத்துப் பார்க்கிறோம். திருவிழா வாரத்தில் வருவதாக இருந்தால் இரண்டு வாரம் தள்ளிச் சேரச் சொல்கிறோம். ஊட்டும் முறையை ஆயா பார்ப்பதற்கு மருத்துவமனையில் இரண்டு நாளாவது அனுமதி கேட்கிறோம். கிடைக்காவிட்டால் அம்மா ஊட்டுவதை முழு 20 நிமிடமும் வெட்டாமல் படமெடுத்து அனுப்பச் சொல்கிறோம்.

நட்சத்திரம் வரைவதை நிறுத்திவிட்டேன்.

பேச்சு வரவில்லை என்று வந்த குடும்பம் இது. அதற்கான பயிற்சியை இப்போதுதான் ஒழுங்காகத் தொடங்கியிருக்கிறோம். தெளிவாக வரும் சொற்கள் ஏழு. அதில் ஒன்று "வேணா". போன வாரம் நோட்டில் அம்மா எழுதியிருந்தார்: "இரவு 7.30. ஆயா ஊட்டியது. ஆறாவது ஸ்பூனில் வேணா என்றாள். ஆயா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டது."